டெக்சாஸில் முதல் ஓட்டு: புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு

2022 நவம்பர் 8, டெக்சாஸ் கவர்னர் தேர்தல். நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பக்கத்து நூலகத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த அம்மா என் லைசென்ஸை வாங்கித் தேடினார். இன்னொரு தடவை தேடினார். பட்டியலில் பெயர் இல்லை. ஆகஸ்டிலேயே இணையத்தில் பதிவு செய்தேனே என்றேன். "அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பினீர்களா?" என்று கேட்டார். இல்லை. கடைசிப் பக்கத்தில் "முடிந்தது" என்று வந்ததை நம்பி மூடிவிட்டேன்.

தற்காலிக வாக்குச்சீட்டு ஒன்று தந்தார்கள். பதிவே இல்லாதவர் போட்ட அந்தச் சீட்டு எண்ணப்படாது என்று பிறகுதான் தெரிந்தது. நீங்களும் அப்படித் திரும்பி வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கட்டணங்களும் தேதிகளும் எனக்குத் தெரிந்தவரை சரி. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் உங்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே விதிகள் அடிக்கடி மாறும்.

1. உறுதிமொழி எடுக்கும் வரை எந்த வாக்காளர் படிவத்திலும் கையெழுத்து வேண்டாம்

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். லைசென்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ டிபிஎஸ் (லைசென்ஸ் தரும் மாநிலத் துறை) அலுவலகம் போனால், படிவத்தில் "வாக்காளராகப் பதிய விருப்பமா?" என்று ஒரு கேள்வி இருக்கும். பத்துக் கட்டங்களில் வரிசையாக "ஆம்" அடித்துக்கொண்டு போகிற வேகத்தில் இதிலும் அடித்துவிடுபவர்கள் உண்டு. குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிவது குற்றம். குடியுரிமை மறுக்கப்படலாம், நாடு கடத்தும் வழக்கு வரைக்கும் போகலாம். என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்திலேயே "எப்போதாவது வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள்.

நேர்காணலில் தேறிவிட்டால் குடிமகன் ஆகிவிட்டோம் என்று நினைப்பது இன்னொரு தவறு. கை தூக்கி உறுதிமொழி சொல்லும் அந்த நாள்தான் கணக்கு. நேர்காணலுக்கும் உறுதிமொழிக்கும் இடையே சில வாரங்கள் ஓடலாம். அதற்குள் ஆர்வக்கோளாறில் பதிய வேண்டாம்.

என்-400 கட்டணம் இணையத்தில் 710 டாலர், தாளில் 760. இதற்குப் பிறகு ஓட்டுப் போடுவதற்கென்று ஒரு பைசா செலவு கிடையாது.

2. சான்றிதழ் கைக்கு வந்ததும்: எதை முதலில் செய்வது

அரங்கத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அவர்கள் செய்த பிழை என்றால் கட்டணமில்லாமல் திருத்திக் கொடுப்பார்கள். நீங்களே தொலைத்துவிட்டு மாற்றுச் சான்றிதழ் கேட்டால் 505 அல்லது 555 டாலர்.

நம் பெயர் சிக்கலை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. அப்பா பெயர் கடைசிப் பெயராக இருப்பது, முன்னெழுத்து விரிந்து முதல் பெயராகிவிடுவது, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்ததால் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ" (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஏறிவிடுவது: இதில் ஏதாவது ஒன்று பாதி வீடுகளில் இருக்கும். என்-400 போடும்போதே பெயர் மாற்றம் கேட்கலாம். நீதிபதி முன்னால் உறுதிமொழி நடக்க வேண்டும் என்பதால் சில ஊர்களில் தாமதமாகும். ஆனால் தனியாக நீதிமன்றம் போய்ப் பணம் கட்டும் வேலை மிச்சம்.

பிறகு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், டிபிஎஸ், பாஸ்போர்ட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அசல் சான்றிதழைக் கொடுக்க வேண்டும், அது தனித் தபாலில் வாரக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும். அதுவரை மற்ற இரண்டு இடங்களிலும் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. நான் முதலில் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு ஏழு வாரம் விழித்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் புத்தகம் 130 டாலர், வாங்கிச் சரிபார்க்கும் இடத்துக்கு 35. கூட 30 டாலர் கொடுத்தால் பர்ஸில் வைக்கும் அட்டையும் வரும்.

டிபிஎஸ் வேலையை "லைசென்ஸ் காலாவதி ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடாதீர்கள். 2019 ஜனவரியில், தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலர் அலுவலகம் சுமார் 95,000 பேரின் பட்டியலை வெளியிட்டு, இவர்கள் குடிமக்களாக இல்லாமல் இருக்கக்கூடும் என்றது. லைசென்ஸ் எடுத்த சமயத்தில் கிரீன் கார்டோ விசாவோ காட்டியவர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு எடுத்த கணக்கு அது. லைசென்ஸ் எடுத்த பிறகு முறையாகக் குடியுரிமை வாங்கிப் பதிந்தவர்களும் கூட்டமாக மாட்டிக்கொண்டார்கள். வழக்குகள் பாய்ந்தன, ஏப்ரலில் திட்டத்தைக் கைவிட்டார்கள், மே மாதம் மாநிலச் செயலர் டேவிட் விட்லி பதவி விலகினார். ஆனால் பழைய பதிவோடு ஒப்பிடும் பழக்கம் மொத்தமாகப் போய்விடவில்லை. "குடியுரிமையை நிரூபிக்கவும்" என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால் விளம்பரத் தபால் என்று குப்பையில் போடாதீர்கள். 30 நாளுக்குள் பாஸ்போர்ட் அல்லது சான்றிதழின் நகலோடு பதில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பெயரை நீக்கிவிடலாம்.

மாற்று லைசென்ஸ் 11 டாலர், புதுப்பித்தால் 33. பெரிய ஊர்களில் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.

3. பதிவு: பேனா, தபால்தலை, 30 நாள்

பல மாநிலங்களில் வாக்காளர் பதிவை இணையத்திலேயே முடித்துவிடலாம். டெக்சாஸில் முடியாது. இங்கே இணையதளம் செய்வதெல்லாம் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதுதான். அதை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, கவுண்டி வாக்காளர் பதிவாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது நேரில் கொடுக்க வேண்டும். ஒரே விதிவிலக்கு, லைசென்ஸை இணையத்தில் புதுப்பிக்கும்போது கூடவே பதிவதுதான்.

நூலகத்திலும் தபால் நிலையத்திலும் கிடைக்கும் அட்டைப் படிவத்துக்குத் தபால்தலை தேவையில்லை. வீட்டில் அச்செடுத்தால் நீங்கள்தான் ஒட்ட வேண்டும். படிவத்தில் லைசென்ஸ் எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கம் கேட்பார்கள். முடிந்தால் இரண்டையும் எழுதிவிடுங்கள். காரணம் எட்டாம் பகுதியில்.

கடைசி நாள், தேர்தலுக்கு 30 நாள் முன்பு. அது ஞாயிறாகவோ விடுமுறையாகவோ இருந்தால் அடுத்த வேலை நாள். 2024 நவம்பர் 5 தேர்தலுக்கு அக்டோபர் 7 கடைசி நாளாக இருந்தது. அன்றைய தபால் முத்திரை இருந்தால் போதும். ஆனால் மாலை ஐந்து மணிக்குத் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு அன்றைக்கே முத்திரை விழும் என்று நம்பாதீர்கள். அக்டோபர் நடுவில் உறுதிமொழி எடுத்தவருக்கு அந்த நவம்பர் போயிற்று. புதுக் குடிமக்களுக்கென்று சலுகை எதுவும் இல்லை. 1960கள் வரை இங்கே ஓட்டுப் போட 1.50 அல்லது 1.75 டாலர் வரி கட்டி, அதையும் ஜனவரி 31-க்குள் கட்டியிருக்க வேண்டும். அந்தக் கதையைப் படித்தபோது 30 நாளைப் பற்றிய என் எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. இன்று பதிவுக்கு யாராவது காசு கேட்டால் அது மோசடிதான்.

உறுதிமொழி அரங்க வாசலிலும் கோவில் விழாக்களிலும் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் தன்னார்வத் துணைப் பதிவாளர்கள். அவர்களிடம் கொடுத்தால் ரசீது தருவார்கள். வாங்காமல் நகராதீர்கள். ஐந்து நாளுக்குள் அவர்கள் படிவத்தைக் கவுண்டியில் சேர்த்தாக வேண்டும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அவர்கள் எந்தக் கவுண்டியில் நியமனம் பெற்றார்களோ அந்தக் கவுண்டிக்காரர்களைத்தான் பதிய முடியும். டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஃபிரிஸ்கோவில் ஒரு பகுதி காலின் கவுண்டியில், இன்னொரு பகுதி டென்டனில். பேர்லேண்ட் மீனாட்சி கோவில் இருப்பது பிரசோரியா கவுண்டியில், கும்பிட வருகிறவர்களில் பலர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட்காரர்கள். உங்கள் கவுண்டி எது என்று தெரிந்துகொண்டு மேசைக்குப் போங்கள்.

பதிந்தால் ஜூரிக்குக் கூப்பிடுவார்களே என்று தயங்குகிறவர்களுக்கு: லைசென்ஸ் பட்டியலிலிருந்தும்தான் கூப்பிடுகிறார்கள். தப்பிக்க வழியில்லை.

4. அட்டை வந்ததா?

சுமார் ஒரு மாதத்தில் வாக்காளர் பதிவு அட்டை தபாலில் வரும். படம் இருக்காது, பார்க்க மளிகைக் கடை கூப்பன் மாதிரி இருக்கும். என் மனைவி அவருடையதை அப்படியே நினைத்துத் தூக்கி எறிந்துவிட்டார். எறிந்தாலும் ஓட்டு போகாது. ஆனால் அதிலிருக்கும் தொகுதி எண்கள் பிறகு தேவைப்படும். ஐந்து வாரமாகியும் வராவிட்டால் மாநிலத் தளத்தில் உங்கள் பதிவைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கவுண்டிக்குப் போன் போடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது அட்டை தானாக வரும். வீடு மாறியவருக்கு அதைத் தபால்காரர் புது முகவரிக்குத் திருப்பிவிட மாட்டார். அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், உங்கள் பெயர், முகவரி உறுதியாகாதவர்களின் நிலுவைப் பட்டியலுக்குப் போகும். ஒரே கவுண்டிக்குள் மாறினால் இணையத்திலேயே முகவரி மாற்றலாம். கவுண்டி மாறினால் முதலிலிருந்து பதிய வேண்டும், அதே 30 நாளோடு. இர்விங் அபார்ட்மென்டிலிருந்து பிளேனோவில் வீடு வாங்கிப் போகிறவர்கள் கிரகப்பிரவேசக் களேபரத்தில் மறப்பது இதைத்தான்.

5. நவம்பருக்குக் காத்திருக்காதீர்கள், மார்ச்சிலேயே போங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டெக்சாஸில் பாதிக்கு மேற்பட்ட பதவிகள் நவம்பருக்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. 1994-க்குப் பிறகு மாநிலம் முழுமைக்குமான எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி வென்றதில்லை, எல்லாம் குடியரசுக் கட்சிக்கே. அதற்கு முன்னால் நிலைமை நேர் தலைகீழ். 1874 முதல் 1979 வரை கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். எந்தக் காலத்திலும் ஒரு கட்சியின் கை ஓங்கியிருப்பதால், அந்தக் கட்சிக்குள் யார் வேட்பாளர் என்று தீர்மானிக்கும் பிரைமரிதான் நிஜமான தேர்தல். கறுப்பின மக்களின் ஓட்டைச் செல்லாக்காசாக்க ஜனநாயகக் கட்சிப் பிரைமரியின் கதவை மட்டும் அடைத்தால் போதுமென்று ஒரு காலத்தில் அடைத்தே வைத்திருந்தார்கள். ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில் 1944-ல் உச்ச நீதிமன்றம்தான் அதைத் திறந்துவிட்டது.

பிரைமரி, இரட்டைப்படை வருடங்களில் மார்ச் முதல் செவ்வாய். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேருக்குள் மே கடைசியில் இரண்டாம் சுற்று, அதாவது ரன்-ஆஃப். 2024-ல் மார்ச் 5, மே 28. கட்சியில் சேர வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். வாக்குச்சாவடியில் "எந்தக் கட்சிச் சீட்டு?" என்று கேட்பார்கள், ஒன்றைச் சொல்லுங்கள். மார்ச்சில் ஒரு கட்சியின் பிரைமரியில் போட்டுவிட்டு மே மாதம் அடுத்த கட்சியின் ரன்-ஆஃபில் போட முடியாது. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அந்தச் சீட்டு உங்களைக் கட்டுப்படுத்தாது. மார்ச்சில் போகாதவர்கூட மே மாதம் ஏதாவது ஒரு கட்சியின் ரன்-ஆஃபில் போடலாம்.

ரன்-ஆஃபுக்கு ஆளே வருவதில்லை. 2012-ல் டெட் குரூஸ் முதல் சுற்றில் டேவிட் டூஹர்ஸ்டுக்குப் பின்னால்தான் இருந்தார், அந்த வருடம் தள்ளிப்போய் ஜூலை கடைசியில் நடந்த ரன்-ஆஃபில் ஜெயித்து செனட்டர் ஆனார். சுமார் 1.3 கோடி வாக்காளர் உள்ள மாநிலத்தில் அன்றைக்குப் பதிவான ஓட்டு 11 லட்சம். 1948-ல் லிண்டன் ஜான்சன் செனட்டுக்குப் போனதும் ஒரு ரன்-ஆஃபில்தான், வித்தியாசம் 87 ஓட்டு. அந்த 87-ம் எப்படி வந்தது என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

மே முதல் சனிக்கிழமையையும் குறித்துக்கொள்ளுங்கள். நகரசபை, பள்ளி மாவட்ட வாரியம், கடன் பத்திர வாக்கெடுப்பு என்று பல இடங்களில் அன்றைக்குத்தான். இந்த மாநிலத்தில் வருமான வரி இல்லை, அதற்கும் சேர்த்து வீட்டு வரியில் வாங்கிவிடுகிறார்கள், அதில் பெரும் பங்கு பள்ளிக்குப் போகிறது. பள்ளி மதிப்பெண் பார்த்து வீடு வாங்கும் நம் மக்கள் பள்ளி வாரியத் தேர்தல் எப்போது என்று தெரியாமல் இருப்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

6. வாக்குச்சீட்டுக்கு வீட்டுப்பாடம்

ஒரு சின்னம், ஒரு பொத்தான், வெளியே வந்துவிடலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். 1876-ல் நடைமுறைக்கு வந்த மாநில அரசியல் சட்டம், கவர்னர் கையில் அதிகாரம் சேரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அதனால் துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல், கணக்காயர், நில ஆணையர், வேளாண் ஆணையர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீதிபதிகளையும்தான், கட்சிப் பெயரோடு. பெரிய கவுண்டிகளில் பக்கம் பக்கமாக நீளும். ஒரே அழுத்தில் மொத்தக் கட்சிக்கும் போடும் வசதியை 2020-லிருந்து எடுத்துவிட்டார்கள்.

பெயர்கள் ஏமாற்றும். ரயில்வே கமிஷனர் ரயிலைப் பார்ப்பதில்லை, எண்ணெயும் எரிவாயுவும் அவர் கையில். பெரிய கவுண்டிகளில் கவுண்டி ஜட்ஜ் வழக்கு விசாரிப்பவர் அல்ல, கவுண்டி நிர்வாகத்தின் தலைவர். புயல் வந்தால் வெளியேறச் சொல்லி உத்தரவு போடுபவர் அவர்தான். கவர்னரைவிடத் துணை கவர்னருக்குச் செல்வாக்கு அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. எந்த மசோதா செனட்டில் விவாதத்துக்கு வரும் என்பது அவர் கையில் இருக்கிறது.

கவுண்டி தளத்தில் உங்கள் முகவரிக்கான மாதிரிச் சீட்டு கிடைக்கும். அச்செடுத்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். தாளாக எடுத்துப் போங்கள். வாக்களிக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் போனைப் பயன்படுத்தக் கூடாது. போனில் குறித்துவைத்திருந்தால் அது பையிலேயே தூங்கும். கட்சிச் சட்டை, தொப்பியும் கூடாது. தெரியாத பதவியைக் காலியாக விட்டாலும் மற்ற ஓட்டுகள் செல்லும்.

ஒற்றைப்படை வருட நவம்பரில் அரசியல் சட்டத் திருத்தங்களுக்கு வாக்கெடுப்பு நடக்கும். அந்தச் சட்டத்தை இதுவரை 500 தடவைக்கு மேல் திருத்திவிட்டார்கள். சீட்டில் இருக்கும் வாசகத்தை மட்டும் படித்தால் வக்கீலுக்கே தலை சுற்றும்.

7. போகும் நாள்

தேர்தல் நாளைவிட முன்கூட்டி வாக்களிப்பு நாட்களில் போவது நிம்மதி. 2024-ல் அக்டோபர் 21 முதல் நவம்பர் 1 வரை இருந்தது. அந்த நாட்களில் உங்கள் கவுண்டிக்குள் எந்த மையத்திலும் போடலாம். தேர்தல் நாளில் எல்லாக் கவுண்டிகளும் அப்படி விடாது, விடாதவற்றில் உங்கள் வட்டாரச் சாவடி மட்டும்தான். பிரைமரியைக் கட்சிகள் நடத்துவதால் அதற்கு ஏற்பாடு வேறாகவும் இருக்கலாம். தேர்தல் நாளில் நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை. 7 மணிக்கு வரிசையில் நின்றால் எத்தனை மணியானாலும் போட விட வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே தொடர்ந்து இரண்டு மணி நேரம் கிடைக்காதவருக்கு, சம்பளம் பிடிக்காமல் நேரம் கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர்.

டெக்சாஸ் லைசென்ஸ், டெக்சாஸ் அடையாள அட்டை, இலவசத் தேர்தல் அடையாளச் சான்று, துப்பாக்கி உரிமம், படமுள்ள ராணுவ அடையாள அட்டை, படமுள்ள குடியுரிமைச் சான்றிதழ், அமெரிக்க பாஸ்போர்ட் ஆகிய ஏழில் ஒன்று போதும். 70 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, காலாவதியாகி நான்கு வருடம் வரை செல்லும். கல்லூரி அட்டை செல்லாது. ஆம், துப்பாக்கி உரிமம் செல்லும், மாணவர் அட்டை செல்லாது. வேறு மாநில லைசென்ஸும் செல்லாது.

பட்டியலில் முழுப் பெயர், அட்டையில் முன்னெழுத்து என்றிருந்தால் பதற வேண்டாம். பெயர் ஏறக்குறைய ஒத்திருந்தால், "அந்த நபர் நான்தான்" என்று ஒரு கட்டத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு விடுவார்கள். பல கவுண்டிகளில் இயந்திரத்தில் தேர்ந்தெடுத்ததும் தாளில் அச்சாகி வரும். அதைப் படித்துப் பார்த்து, ஸ்கேனரில் நீங்களே செலுத்த வேண்டும். தாளை நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனால் ஓட்டு பதிவாகாது.

8. பெற்றோருக்கு ஓட்டு இருந்தால்

65 வயதானவர்கள் காரணம் சொல்லாமலே தபால் ஓட்டுக் கேட்கலாம். விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்னதாகக் கவுண்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இதற்குத் தபால் முத்திரைக் கணக்கு உதவாது. 2021 சட்டத்துக்குப் பிறகு விண்ணப்பத்திலும் உறையின் மடிப்புக்கு உள்ளேயும் லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கமோ எழுத வேண்டும். அது பழைய பதிவில் இருப்பதோடு பொருந்தவும் வேண்டும். 2022 மார்ச் பிரைமரியில் சுமார் 24,600 தபால் ஓட்டுகள், எட்டில் ஒன்று, நிராகரிக்கப்பட்டன. நண்பர் ஒருவரின் அம்மாவுடையதும் அதில் ஒன்று. எப்போதோ பதியும்போது ஒரு எண்ணைக் கொடுத்தார், உறையில் இன்னொன்றை எழுதினார். அதனால்தான் எல்லா இடத்திலும் இரண்டையும் எழுதச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் அவர்கள் ஊருக்குப் போயிருந்தால், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கூட்டரசு அஞ்சலட்டை விண்ணப்பம் தனியாக இருக்கிறது. செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

நேரில் வருகிறவர்களுக்கு மொழி ஒரு கவலை. சீட்டு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கும். ஹாரிஸ் கவுண்டியில் வியட்நாமிய மொழியும் சீனமும் உண்டு. தமிழ் கிடையாது. படிக்கத் தெரியாதவர் தனக்கு வேண்டியவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம், முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. 2014-ல் வில்லியம்சன் கவுண்டியில் வங்காள மொழி பேசும் ஓர் அம்மா மகனோடு போனார். மகன் அந்தக் கவுண்டியில் பதிந்தவர் இல்லை என்று சொல்லி மொழிபெயர்க்க விடவில்லை. வழக்கு நடந்தது. அப்படித் தடுப்பது கூட்டரசு வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆகவே நீங்கள் எந்தக் கவுண்டிக்காரராக இருந்தாலும் அம்மாவோடு உள்ளே போகலாம். உங்கள் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருக்குப் பதிலாக முடிவெடுக்க மாட்டேன் என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். அம்மாவுக்கு உட்கார நாற்காலி கேளுங்கள், கொடுப்பார்கள்.